தத்துப் பிள்ளை தாயைத் தேடும் தலைமுறை நாவலை எழுதுவது எப்படி: ஒரு முழுமையான வழிகாட்டி

தத்துக் கொடுக்கப்பட்ட ஒரு பெண் தன் தாயைத் தேடிப் போகும் நாவல் எழுதப் போகிறேன் என்று யாராவது சொன்னால், நான் முதலில் கேட்கும் கேள்வி: "அவள் கையில் எத்தனை தாள் இருக்கிறது?" அம்மா யார், ஏன் கொடுத்தாள் என்பதெல்லாம் அப்புறம். பெரும்பாலும் பதில் வராது. தாய் எப்படி அழுவாள், மகள் எப்படிக் கட்டிக்கொள்வாள் என்றெல்லாம் யோசித்து வைத்திருப்பார்கள். பிறப்புச் சான்றிதழில் என்ன எழுதியிருக்கிறது என்று யோசித்திருக்க மாட்டார்கள். தேடுகிறவளுக்குக் கையில் இருப்பது அந்தத் தாள் மட்டும்தான். நாவல் அங்கிருந்துதான் கிளம்ப வேண்டும்.

பொதுவாகப் பேசினால் காற்றில் பேசுவதாகிவிடும். ஒரே ஒரு களத்தை எடுத்துக்கொள்கிறேன். 1970-களிலும் 80-களிலும் இலங்கையிலிருந்து ஐரோப்பாவுக்குத் தத்துப் போன குழந்தைகள். மொத்தம் ஏறத்தாழ 11,000 பேர் என்று சொல்லப்படுகிறது. நெதர்லாந்துக்கு மட்டும் 3,000-க்கு மேல். சுவீடன், சுவிட்சர்லாந்து, பிரான்சு, ஜெர்மனி, பிரிட்டன் என்று மற்றவர்கள். இவர்கள் எல்லாரும் தமிழர் இல்லை, ஒரே ஊர்க்காரர்களும் இல்லை. நம் கதாநாயகியை மட்டும் இலங்கையின் மலைநாடான மலையகத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறக்க வைப்போம். காரணம் போகப் போகத் தெரியும்.

முதல் படி: பிறந்த தேதியைக் குறியுங்கள், பிறகு பின்னால் எண்ணுங்கள்

தலைமுறை நாவலில் பாதிப் பிழைகள் கணக்குப் பிழைகள். ஒரு பெரிய தாளில் நெடுக ஒரு கோடு போட்டு, கதாநாயகியின் பிறந்த வருடத்தை முதலில் எழுதுங்கள். நான் 1984 பிப்ரவரி என்று வைப்பேன். 1983 ஜூலைக் கலவரம் முடிந்து ஏழு மாதம். தலைமன்னாரிலிருந்து ராமேஸ்வரத்துக்குப் போன கப்பல் ஓடிய கடைசி வருடம். தோட்டத்தில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே நாள் சம்பளம் என்று வந்ததும் அந்த வருடம்தான். வெளிநாட்டுக்குத் தத்துக் கொடுக்கவென்றே குழந்தைகளைச் சேர்த்துவைத்த 'குழந்தைப் பண்ணை'கள் அம்பலமாகி, 1987-ல் இலங்கை வெளிநாட்டுத் தத்தை நிறுத்தி வைத்ததற்கு மூன்று வருடம் முன்பு. இத்தனையும் ஒரே இடத்தில் வந்து குவியும் வருடம் சும்மா கிடைக்காது.

இனிப் பின்னால் எண்ணுவோம். அம்மா 1965-ல் பிறந்தவள், அதாவது தோட்டத்து மக்களை இந்தியாவும் இலங்கையும் பங்கிட்டுக்கொண்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்கு அடுத்த வருடம். பாட்டி 1943. இலங்கை சுதந்திரம் பெற்றபோது அவளுக்கு ஐந்து வயது. பூட்டி 1921-ல் துறையூர்ப் பக்கம் பிறந்து, 1927-ல் ஆறு வயதில் கடல் தாண்டியவள். நாலு தலைமுறை, நாலு பெண்கள். இது போதும்.

"மன்னாரிலிருந்து மாத்தளை வரை காட்டுவழியே நடந்தே வந்த தலைமுறையை விட்டுவிடலாமா?" என்று கேட்பீர்கள். நான் விட்டுவிடுவேன். காலராவும் பசியும் சாவுமாக அந்த நடை பெரிய கதைதான். ஆனால் அது கோப்பி (காபி) காலத்துக் கதை. கோப்பிக்கு அறுவடைக் காலத்தில் மட்டும் ஆள் போதும். ஆண்கள் வந்தார்கள், வேலை முடிந்ததும் பலர் திரும்பினார்கள். 1869-ல் இலைநோய் வந்து கோப்பியைத் தின்றது. அதற்கு இரண்டு வருடம் முன்பே லூல்கந்துரைத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 19 ஏக்கரில் தேயிலை போட்டிருந்தார். தேயிலைக்கு வருடம் முழுக்கக் கொழுந்தெடுக்கக் கை வேண்டும். அதனால் குடும்பம் குடும்பமாக அழைத்து வந்தார்கள், பெண்கள் வந்தார்கள். தாய்வழி நாவலுக்குத் தொடக்கம் தேயிலைதான்.

இந்தக் கோட்டில் மூன்று இடங்களில் சிவப்பு மை தடவி வையுங்கள். எழுதுகிறவர்கள் வழக்கமாக விழும் குழிகள் இவை.

பாம்பன் பாலம் திறந்தது 1914 பிப்ரவரியில். அதற்குப் பிறகு வந்தவர்களுக்கு ரயில், தனுஷ்கோடி, கப்பல், தலைமன்னார், மறுபடி ரயில். 1927-ல் ஆறு வயதுப் பூட்டி மாத்தளைக் காட்டில் நடக்க மாட்டாள். மண்டபம் முகாமில் தங்க வைத்து, மருந்தடித்து, அம்மை குத்தி, ரயிலேற்றுவார்கள்.

1939-ல் இந்தியா புதிதாகக் கூலியாட்கள் இலங்கைக்குப் போவதைத் தடுத்துவிட்டது. உங்கள் பாத்திரம் 1941-ல் பிழைப்புத் தேடித் தோட்டத்துக்கு வந்தால், விஷயம் தெரிந்த வாசகர் அங்கேயே புத்தகத்தை மூடுவார்.

1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்தது. 1970-களில் 'தாயகம் திரும்பிய' குடும்பம் தனுஷ்கோடியில் இறங்குவதாக ஒரு கதையில் படித்திருக்கிறேன். நல்ல கதை, ஆனால் அந்த இடத்தில் அப்புறம் மனசு ஒட்டவில்லை. இறங்குவது ராமேஸ்வரத்தில்.

இரண்டாம் படி: இரண்டு கோப்பு தயார் செய்யுங்கள்

இந்த வேலைக்கு மட்டும் ஒரு மாதம் ஒதுக்குங்கள். நிஜமாகவே இரண்டு அட்டைக் கோப்பு வாங்கி, உள்ளே வைக்கும் ஒவ்வொரு தாளையும் நீங்களே எழுதுங்கள். நாவலில் பாதிக்கு மேல் நேரடியாக வராது. பரவாயில்லை.

முதல் கோப்பு குடும்பத்துடையது. மலையகத்து மனிதரின் வரலாறே தாள்களின் வரலாறு. பூட்டியின் அப்பன் அதற்கு முன்னால் ஒரு தடவை வந்துபோனவன் என்று வையுங்கள். அப்போது அவன் கழுத்தில் தொங்கியது தோட்டத்து எண் பொறித்த தகரத் துண்டு. அப்புறம் 'துண்டு'. தொழிலாளி பட்ட கடனைக் கட்டினால் அவனை விடுவிக்கிறேன் என்று ஒரு தோட்டம் தரும் சீட்டு அது. ஆள் கைமாறும்போது கடனும் கைமாறும். 1921-ல் சட்டம் போட்டுத்தான் அதை ஒழித்தார்கள். அப்புறம் தோட்டத்து ஆள்பதிவேடான செக்றோலில் பெயர். பெயர் பதிந்தால்தான் லயம் என்ற வரிசை வீட்டில் ஒரு காம்பரா (அறை), அரிசி எல்லாம்.

அடுத்து வருவதுதான் பெரிய தாள். 1947 தேர்தலில் தோட்டத்து மக்களின் கட்சியான இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு இடங்களில் வென்றது. அடுத்த வருடமே 1948-ன் 18-ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் வந்து, தோட்டத்து மக்களை நாடற்றவர்களாக்கியது. பின்னாலேயே ஓட்டும் போனது. 1949-ல் இன்னொரு சட்டம், வேண்டுமானால் விண்ணப்பித்துக்கொள்ளுங்கள் என்றது. தொடர்ந்து இத்தனை வருடம் இங்கேயே இருந்தேன் என்று தாளால் நிரூபிக்க வேண்டும். லயத்துக் காம்பராவில், பத்துக்குப் பன்னிரண்டு அடியில், ஒழுகுகிற தகரத்துக்குக் கீழே, யார் தாளைப் பத்திரப்படுத்துவார்கள்? எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்காக விண்ணப்பம் போனது. கிடைத்தது சுமார் 1,34,000 பேருக்கு.

1964 அக்டோபரில் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம். மொத்தம் 9,75,000 பேர் என்று கணக்கு. இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000, மீதி 1,50,000 பிறகு பார்த்துக்கொள்ளலாம். பத்து வருடம் கழித்து அந்த மீதியை ஆளுக்குப் பாதி என்று பிரித்தார்கள். நாவலில் இந்த எண்களை அப்படியே கொட்ட வேண்டாம். பாட்டி ஒரு தடவை, "எங்களை அரிசி மாதிரி அளந்தாங்க" என்று சொன்னால் போதும். எண்கள் உங்கள் கோப்பில் இருக்கட்டும். அளவு எவ்வளவு என்று தெரிந்தவருக்குத்தான் அந்த ஒரு வரி சரியாக விழும்.

கடைசித் தாள், இந்தியா போவதற்கான குடும்ப அட்டை. அதில் ஐந்து பெயர்: தாத்தா, பாட்டி, மாமா, அம்மா, சின்னம்மா. 1984 தொடக்கத்தில் கப்பலுக்குத் தேதி வருகிறது. அம்மாவுக்குப் பத்தொன்பது வயது, கல்யாணம் ஆகவில்லை, வயிற்றில் பிள்ளை. அட்டையில் அதற்குப் பெயர் இல்லை. இதுதான் நான் இந்தக் களத்தைப் பிடித்துக்கொண்டதற்குக் காரணம். வறுமை, மானம், சாதி எல்லாம் இருக்கட்டும், அவையும் வேலை செய்யும். ஆனால் தாயையும் பிள்ளையையும் பிரிக்கும் கத்தி ஒரு தாளின் வடிவில் வரும்போது, பூட்டியின் அப்பன் கழுத்துத் தகரத்திலிருந்து இதுவரை ஒரே நூல் ஓடுகிறது.

இரண்டாம் கோப்பு கதாநாயகியுடையது. பிறப்புச் சான்றிதழ், தாயின் சம்மதக் கடிதம், நீதிமன்ற ஆணை, கைக்குழந்தையின் படம் ஒட்டிய கடவுச்சீட்டு, மருத்துவச் சீட்டு, அப்புறம் ஒரு புகைப்படம்: சேலை கட்டிய பெண் குழந்தையை மடியில் வைத்துக் கேமராவைப் பார்க்கிறாள்.

குடும்பத்துக்குச் செல்லுபடியாகும் தாளே இல்லாமல் நாலு தலைமுறை அலைச்சல். பிள்ளைக்கோ சில வாரத்தில் ஆறேழு தாள், எல்லாவற்றிலும் முத்திரை, சில ஆண்டுகளுக்குள் டச்சுக் குடியுரிமை. முதல் கோப்பில் இருப்பதெல்லாம் உண்மை, ஆனால் செல்லாது. இரண்டாம் கோப்பில் இருப்பதெல்லாம் செல்லும், ஆனால் பொய். நாவலை எழுதும்போது எப்போதாவது வழி தவறினால் இந்த இரண்டு கோப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

மூன்றாம் படி: பொய்யைச் சரியாகத் தையுங்கள்

இலங்கைத் தத்துகளில் வெளியே வந்த மோசடிகளில் நாவலாசிரியர் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டியது 'நடிப்புத் தாய்'. பெற்றவளுக்குப் பதிலாக, காசு வாங்கிக்கொண்டு இன்னொரு பெண் தாயாக வந்து நிற்பாள், கையெழுத்துப் போடுவாள், படத்துக்கு உட்காருவாள். பெற்றவளிடம் பிள்ளை செத்துவிட்டது என்று சொல்லப்பட்ட கதைகளும் உண்டு. 2017-ல் டச்சுத் தொலைக்காட்சி இதையெல்லாம் ஒளிபரப்பியபோது, அன்றைய இலங்கைச் சுகாதார அமைச்சரே நடந்தது உண்மை என்று ஒப்புக்கொண்டார். 2021 பிப்ரவரியில் நெதர்லாந்தின் விசாரணைக் குழு அறிக்கை கொடுத்தது. இலங்கை, இந்தோனேசியா, வங்கதேசம், பிரேசில், கொலம்பியா என்று ஐந்து நாடுகளை ஆராய்ந்து, முறைகேடுகள் தெரிந்தும் அரசு கண்ணை மூடிக்கொண்டது என்றது. அரசு மன்னிப்புக் கேட்டது. நம் கதாநாயகிக்கு 2017-ல் முப்பத்து மூன்று வயது. தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்திருக்கச் சரியான வயது.

பொய்க் கோப்பை உருவாக்கும்போது ஒரு விதி: ஒவ்வொரு பொய்யிலும் ஒரு நூல் பிரிந்திருக்க வேண்டும், ஆனால் அது கதாநாயகியின் கண்ணுக்குத் தெரியக்கூடாது. நான் வைத்திருக்கும் நூல் கையெழுத்து. சம்மதக் கடிதத்தின் அடியில் தாயின் கையெழுத்து அழகாக, வட்ட வட்டமாக இருக்கிறது. அவள் அதை முப்பது வருடமாகத் தடவிப் பார்க்கிறாள். ஒருநாள் ஆம்ஸ்டர்டாமில் ஒரு தமிழ்க் கடைக்காரர் கண்ணில் அது படுகிறது. அவர் மிளகாய்த்தூளை எடை போட்டபடியே சொல்கிறார்: "இது சிங்களம், பிள்ளை."

சான்றிதழில் தாயின் பெயர் தமிழ்ப் பெயர். லயத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரை தமிழில் படித்தவள் எதற்குச் சிங்களத்தில் கையெழுத்துப் போட வேண்டும்? டச்சுக்காரியாக வளர்ந்தவளுக்கு இரண்டும் ஒன்றுதான், உருண்டை எழுத்து. தமிழ் வாசகருக்கு மட்டும் அந்த இடத்தில் சுருக்கென்று தைக்கும். நம் மொழியில் எழுதுவதால் கிடைக்கிற லாபம் இது, விடாதீர்கள்.

கடைக்காரரும் சும்மா வந்தவர் இல்லை. 1984, 85-ல் ஈழத் தமிழ் இளைஞர்கள் ஆயிரக்கணக்கில் நெதர்லாந்தில் அடைக்கலம் கேட்டு வந்தார்கள். அதே ஸ்கிபோல் விமான நிலையத்தில் ஒரு தமிழ்க் குழந்தையைப் பூங்கொத்தோடு வரவேற்றார்கள், ஒரு தமிழ் இளைஞனை வரிசையில் நிறுத்திக் கேள்வி கேட்டார்கள். ஒரே வாரத்தில் நடந்திருக்கலாம். எழுதுங்கள், ஆனால் இதைக் கதைசொல்லி விளக்க வேண்டாம். கடைக்காரர் வந்து இறங்கிய மாதத்தை மட்டும் சொல்லட்டும்.

பெயரிலும் ஒரு நூல் வையுங்கள். தமிழில் சொன்ன பெயரைச் சிங்களம் பேசும் பதிவாளர் எழுதி, அதை ஒருவர் ஆங்கிலமாக்கி, அதை டச்சுக்காரர் வாசித்தால் என்ன ஆகும்? டச்சில் 'ஜே' எழுத்துக்கு 'ய' ஒலி. ஜெயலெட்சுமி அங்கே 'யெயா' ஆகிவிடுவாள். முப்பது வருடம் யெயா என்ற பெயரைத் தேடுகிறவளுக்கு அப்படியொரு பெயரே எங்கும் கிடைக்காது. தோட்டத்துப் பெயரும் அப்படித்தான். ஆங்கிலத்தில் ஒரு பெயர், தொழிலாளர் வாயில் வேறு பெயர். வரைபடத்தில் தமிழ்ப் பெயர் இருக்காது. தோட்டத்தின் பெயரை நீங்களே கற்பனை செய்யுங்கள், பக்கத்து டவுனை மட்டும் நிஜமாக வையுங்கள்: ஹட்டன், தலவாக்கலை, பதுளை, உங்களுக்கு நன்றாகத் தெரிந்தது எதுவோ அது.

நான்காம் படி: லயத்துப் பேச்சைக் காதால் பிடியுங்கள்

தமிழ்நாட்டிலிருந்து எழுதுகிறவர்கள் இங்கே அதிகம் சறுக்குவார்கள். நானும் சறுக்கினேன். முதல் பிரதியில் என் பாத்திரங்கள் எல்லாரும் திருச்சித் தமிழ் பேசினார்கள், இடையிடையே யாழ்ப்பாணத் தமிழும் எட்டிப் பார்த்தது. படித்த பதுளைக்கார நண்பர் ஒருவர் ஒரே வரியில் முடித்துவிட்டார்: "எங்க வீட்ல யாரும் இப்பிடிக் கதைக்க மாட்டாங்க."

மலையகத் தமிழ் தனி. சொற்களைப் பட்டியலாக மனப்பாடம் செய்தால் வராது, ஒரு நாளை மனசுக்குள் ஓட்டிப் பாருங்கள். விடிவதற்கு முன் தப்புச் சத்தம். ஆட்களைக் கூட்டி நிறுத்தும் பிரட்டுக்களத்தில் ஆள்கணக்கு. கணக்கப்பிள்ளை எந்த மலை என்று சொல்லிப் பிரித்துவிடுகிறார். பிள்ளையைக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராவில் விட்டுவிட்டு, சாக்குத் துணியான படங்கை இடுப்பில் கட்டி, கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு தேயிலைச் செடி வரிசையான நிரையில் ஏறுகிறாள். கொழுந்து நிறுக்கும்போது ஈரத்துக்கு, கூடைக்கு என்று ராத்தல் ராத்தலாகக் கழிக்கிறார்கள். குறைந்தால் அரைப்பேர், அதாவது பாதிச் சம்பளம். ஸ்டோர் என்றால் கடையில்லை, தேயிலைத் தொழிற்சாலை. சீமை என்றால் இங்கிலாந்தில்லை, கடலுக்கு அந்தப் பக்கத்து ஊர். செடிகளைக் கவ்வாத்து வெட்டிய (கிளை கழித்த) மலை எப்படி மொட்டையாக நிற்கும் என்று தெரிந்தால், பாட்டி தலைமுடி கொட்டியதற்கு என்ன உவமை சொல்வாள் என்று தானாக வரும்.

தோட்டத்தை நிர்வகிக்கும் துரை விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. 1972, 75 நிலச்சீர்திருத்தத்தில் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1984-ல் வெள்ளைக்காரத் துரை குதிரையில் வந்தால் அது பேய்க்கதை. துரை இருப்பார், ஆனால் உள்ளூர்க்காரர்.

மாசி மாதத்தில் லயத்துக்கு லயம் காமன் கூத்து நடக்கும். ரதியும் மன்மதனும், எரிக்கப்பட்ட காதலும். கதாநாயகி பிறந்த மாதமும் அதுதான். இதை வைத்து ஒரு அத்தியாயம் எழுத ஆசை வரும். எழுதுங்கள், ஆனால் அம்மாவின் காதலனை மன்மதன் வேடத்தில் மட்டும் நிறுத்தாதீர்கள். கூட்டத்தில் தப்படிக்கிறவனாக இருக்கட்டும்.

ஐந்தாம் படி: இரண்டு காலத்தையும் எதிரெதிராக ஓட விடுங்கள்

கட்டமைப்பு பற்றி நிறையப் பேசலாம். நான் சுருக்கமாக முடிக்கிறேன். கடந்தகால அத்தியாயங்கள் 1927-லிருந்து முன்னோக்கி வரட்டும். நிகழ்கால அத்தியாயங்கள் 2017-லிருந்து தேடிக்கொண்டு பின்னோக்கிப் போகட்டும். இரண்டும் 1984-ல் ஒரு காலையில் சந்திக்கும். கதாநாயகி ஒரு கேள்வி கேட்டதும் அடுத்த அத்தியாயமே கடந்தகாலத்துக்குப் போய்ப் பதில் சொல்லக்கூடாது. அப்படிச் செய்தால் பள்ளிக்கூட வினா-விடை மாதிரி ஆகிவிடும். அவள் தாயைப் பற்றிக் கேட்கும்போது வாசகர் பூட்டியோடு மண்டபம் முகாமில் நிற்கட்டும். வாசகருக்கு அவளை விடக் கொஞ்சம் அதிகம் தெரிந்திருந்தால்தான் பதைப்பு கூடும்.

ஆறாம் படி: தேடலை நிஜமாக நடத்துங்கள்

கதாநாயகி கொழும்பில் இறங்கி மூன்றாம் நாள் அம்மாவைக் கண்டுபிடிக்கக்கூடாது. நிஜத்தில் வருடக்கணக்காகும். முதலில் தத்து அமைப்பிடம் கோப்பைக் கேட்பாள். நெதர்லாந்தில் ஃபியோம் என்ற அமைப்பு வேர் தேடுகிறவர்களுக்கு உதவுகிறது, அங்கே போவாள். இலங்கைக்கு வந்து மருத்துவமனைப் பதிவேடு கேட்பாள். இல்லை என்பார்கள். உள்ளூரில் தேடித் தருகிறேன் என்று ஒருவர் காசு வாங்குவார். ஒரு தாய் கிடைப்பாள், எல்லாரும் அழுவார்கள், பரிசோதனையில் ஒட்டாது. அவள் ஹட்டனிலும் தலவாக்கலையிலும் தேடிக்கொண்டே இருக்க, அம்மாவோ 1984 முதல் நீலகிரியில் கூடலூர்ப் பக்கம் இருக்கிறாள். தாயகம் திரும்பியவர்களுக்காகவே தமிழ்நாடு அரசு அங்கே தேயிலைத் தோட்டங்கள் போட்டது. கடல் தாண்டிப் போயும் அதே கொழுந்து, அதே லயம்.

முடிச்சை அவிழ்ப்பது டிஎன்ஏ. இதில் ஒரு அருமையான சிக்கல் நம்மிடம் மட்டும் இருக்கிறது. இரண்டு பேர் பங்கிடும் மரபணுவைச் சென்டிமார்கன் என்ற அளவில் சொல்வார்கள். பெற்றோருக்கும் பிள்ளைக்கும் சுமார் 3,400 அல்லது அதற்கு மேல். ஒரே தாய்க்கோ ஒரே தகப்பனுக்கோ மட்டும் பிறந்தவர்களுக்குள் சுமார் 1,750, அதாவது கால் பங்கு. சாதாரண மாமன் மகன், சித்தி மகள் என்றால் அதில் பாதி.

இப்போது பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் வழக்கத்தை நினைத்துக்கொள்ளுங்கள். கதாநாயகியின் அம்மாவுக்கு ஒரு அண்ணன், அதாவது மாமா. அந்த மாமா கட்டியது யாரை? கதாநாயகியின் அப்பாவுடைய தங்கையை. அவர்களுக்குப் பிறந்தவன் தாய்வழியிலும் தகப்பன்வழியிலும் இவளுக்குச் சொந்தம். பங்கு கூடிக் கால் பங்காகிவிடும். டொராண்டோவில் வேலை பார்க்கும் அவன் பொழுதுபோக்காக எச்சில் கொடுத்துப் பரிசோதனை செய்கிறான். ஆம்ஸ்டர்டாமில் இவள் திரையில் செய்தி வருகிறது: உங்களுக்கு ஒரே தாய்க்கோ ஒரே தகப்பனுக்கோ பிறந்த ஒரு சகோதரன் இருக்கலாம்.

அவள் அழுகிறாள், "எனக்குத் தம்பி இருக்கிறான்" என்று எல்லாருக்கும் சொல்கிறாள். அம்மாவுக்கு வேறு ஒருவரோடு கல்யாணம் ஆகிப் பிறந்தவன் என்று ஒரு முழுக் கதையை மனசுக்குள் கட்டிக்கொள்கிறாள். தம்பி தம்பி என்று ஆறு மாதம் எழுதுகிறாள். கடைசியில் அவனுடைய அம்மா கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுப் போனில் சொல்கிறாள்: "தம்பி இல்லம்மா. அவன் ஒனக்கு மச்சான் மொற." கணினி சகோதரன் என்கிறது, உறவுமுறை கட்டிக்கொள்ளலாம் என்கிறது. அதே வரியில் அவளுடைய அப்பா யார் என்பதும் வெளியே வந்துவிடுகிறது. போனில் பேசிய அந்த மாமியின் அண்ணன்.

இதை எழுதும்போது சிரிப்பும் வரும். வரட்டும். தலைமுறை நாவலில் யாரும் சிரிக்காமல் இருநூறு பக்கம் போனால் அது இழவு வீடு.

ஏழாம் படி: சந்திப்பை அடக்கி எழுதுங்கள்

"சாப்பிட்டியாம்மா?" என்ற கேள்வியை அம்மா வாயில் வைக்காதீர்கள். ரொம்பப் பேர் வைத்துவிட்டார்கள். அதற்குப் பதில், யார் மொழிபெயர்க்கிறார்கள் என்பதை முடிவு செய்யுங்கள். அம்மாவுக்குத் தமிழ், மகளுக்கு டச்சும் ஆங்கிலமும். நடுவில் கூடலூர்ப் பள்ளியில் படிக்கும் ஒரு பதினைந்து வயதுப் பெண், அம்மாவின் பேத்தி. சில விஷயங்களை அம்மா அந்தப் பிள்ளையின் முன்னால் சொல்ல மாட்டாள். சொன்னாலும் அந்தப் பிள்ளை பாதியை விழுங்கிவிடும். கல்யாணத்துக்கு முன் பிறந்த பெரியம்மா ஒருத்தி இருக்கிறாள் என்பதே அந்தப் பெண்ணுக்கு அன்றைக்குத்தான் தெரிகிறது. அந்த அறையில் மூன்று பேர் இருப்பார்கள், முழு விஷயம் ஒருவருக்கும் புரியாது. வாசகருக்கு மட்டும் புரியும்.

அம்மாவை மன்னிப்புக் கேட்க வைப்பதா, மகளைக் கோபப்பட வைப்பதா என்பது உங்கள் இஷ்டம். நான் அம்மாவைக் குடும்ப அட்டையை எடுத்து வரச் சொல்வேன். இன்னும் பிளாஸ்டிக் உறையில் வைத்திருக்கிறாள். ஐந்து பெயர். அந்தச் சின்னப் பெண்ணிடம் அதை வாசிக்கச் சொல்கிறாள்.

இன்னொன்று. இந்த வழியில் நிஜமாகத் தேடிக்கொண்டிருக்கும் பெண்கள் இன்றும் இருக்கிறார்கள், தேடப்படக் கூடாது என்று பயந்து வாழும் தாய்களும் இருக்கிறார்கள். யாராவது தன் கதையைச் சொன்னால், அதன் ஊரையும் தேதியையும் குடும்ப அமைப்பையும் மாற்றாமல் நாவலில் போடாதீர்கள். முடிந்தால் போடவே வேண்டாம். மேலே சொன்ன பொதுவான தகவல்களிலிருந்தே வேண்டிய கதையைக் கட்டிவிடலாம்.

எட்டாம் படி: நடிப்புத் தாய்க்கு ஒரு அத்தியாயம்

எல்லாரும் மறந்துவிடும் ஆள் இவள். 1984-ல் கொழும்புக்குப் பக்கத்தில் எங்கோ ஒரு சிங்களப் பெண். அவளுக்கும் காசு தேவைப்பட்டது. யாரோ கூட்டிப்போனார்கள், சேலை கொடுத்தார்கள், ஒரு தமிழ்ப் பெயரைச் சொல்லிக்கொடுத்தார்கள். நீதிமன்றத்தில் கேட்டதற்குத் தலையாட்டினாள். பழக்க தோஷத்தில் தன் எழுத்திலேயே கையெழுத்துப் போட்டுவிட்டாள், ஒருவரும் கவனிக்கவில்லை. படம் எடுக்கும்போது குழந்தை அழுதது, அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தாள். அவ்வளவுதான் அவள் பங்கு. ஆனால் கதாநாயகி முப்பது வருடம் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டு தூங்கியது இவள் முகத்தைத்தான்.

இந்த அத்தியாயத்தை எங்கே வைப்பது? பெற்ற தாயைச் சந்தித்த பிறகு வையுங்கள், முன்னால் வேண்டாம். முன்னால் வைத்தால் இவள் ஒரு துப்பு, அவ்வளவுதான். பின்னால் வைத்தால், தேட வேண்டிய அவசியமே இல்லாதபோதும் கதாநாயகி இவளைத் தேடி வருகிறாள் என்றாகும். இவளை வில்லியாக்காதீர்கள், தியாகியாக்கவும் வேண்டாம். எழுபதை நெருங்கும் பெண், முட்டிவலி, வாசலில் தேங்காய் துருவிக்கொண்டிருக்கிறாள். படத்தைக் காட்டினால் முதலில் தன்னையே அடையாளம் தெரியாது. அப்புறம் சேலையைப் பார்த்துச் சொல்வாள், இது என்னுடையதில்லை, திருப்பி வாங்கிக்கொண்டார்கள் என்று.

அந்தப் படம் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. பெற்றவள் அதில் இல்லை. குழந்தையாக மகளைப் பார்க்க அவளுக்கு வேறு படம் கிடையாது. நடிப்புத் தாயிடம் அவளுடைய இளவயதுப் படம் வேறு எதுவும் இல்லை. கடைசி அத்தியாயம் முடியும்போது அது கூடலூரில் இருக்குமா, கொழும்புக்குப் பக்கத்தில் இருக்குமா, ஆம்ஸ்டர்டாமுக்கே திரும்புமா என்பதை முடிவு செய்த பிறகுதான் முதல் அத்தியாயத்தை எழுத உட்காருங்கள்.